அரை மயக்கத்தில் கேட்டது

என் உடம்பில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. ஒன்று தொப்பை. அது சொந்த உழைப்பு. இன்னொன்று, எவ்வளவு உயரத்தில் உட்கார வைத்தாலும் சுற்றாத தலை. அது தானாக வந்தது. இந்த இரண்டாவது இல்லாவிட்டால் நெய்வேலியில் எனக்குக் கிடைத்த இடம் கிடைத்திருக்காது.

இடம் என்று நான் சொல்வது குவார்ட்டர்ஸை அல்ல. சுரங்கத்துக்குள் பக்கெட் வீல் என்று ஒரு மெஷின் உண்டு. ஒரு தெருவையே பெயர்த்தெடுத்து நிமிர்த்தி நிறுத்தியது போல இருக்கும். முன்பக்கம் ராட்டினம் மாதிரி பெரிய சக்கரம், அதன் விளிம்பு முழுக்கப் பல் வைத்த வாளிகள். சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணைக் கடித்துக் கொடுக்கும். அந்த மண் மெஷினின் முதுகு வழியாக ஓடி, பின்னால் இருக்கும் கன்வேயர் பெல்ட்டில் போய் விழும். முன் கேபினில் உட்கார்ந்து சக்கரத்தை ஓட்டுகிறவன் நான். பின் கேபினில் உட்கார்ந்து, மண் பெல்ட்டில் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கிறவன் என் நண்பன். எனக்கு எதிரே வானமும் பூமியும். அவனுக்கு எதிரே நான் வெட்டிப் போட்டது. பல வருஷமாக இப்படித்தான். இதில் அவனுக்கு ஒரு வருத்தம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முன் கேபினில் இருந்து பார்த்தால் பின் கேபின் தெரியாது. மெஷினைக் கட்டியவர்களே அப்படிக் கட்டிவிட்டார்கள்.

அவன் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். வீட்டில் முந்திரித் தோப்பு உண்டு. நான் தெற்கே இருந்து வேலைக்கு வந்தவரின் மகன்; டவுன்ஷிப்பில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே பஸ் ஏறி சுரங்கத்துக்குப் போனவன். இரண்டு பேருக்கும் 'மச்சான்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. என் மனைவியை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். பலாப்பழக் காலத்தில் என் வீட்டுக்கு வரும் முதல் பழம் அவன் தோளில்தான் வரும்.

எங்கள் மெஷினில் ஒரு வழக்கம். கேபினில் உட்காருகிறவன் தன் சொந்த குஷனைக் கொண்டு வந்து போட்டுக்கொள்வான். லீவில் போனாலும், கால் உடைந்து படுத்தாலும் அந்த குஷன் கேபினுக்குள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேறொருவன் ஓட்டும்போது தன் குஷனைப் போட்டு ஓட்டுவான். தொங்குவதைத் தொட மாட்டான். ரிட்டையர் ஆகிற அன்றுதான் குஷன் கீழே இறங்கும். மாலை ஒரு கையில், குஷன் ஒரு கையில் என்று ஆள் வீட்டுக்குப் போவார். அதனால், குஷன் தொங்குகிற வரைக்கும் சீட்டு உன்னுடையது. என் குஷனுக்கு உறை, என் மனைவி பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைத்தது. பெரிய பெரிய சூரியகாந்திப் பூக்கள். மலையை விழுங்குகிற மெஷினின் மண்டைக்குள் சூரியகாந்தி மெத்தையில் ஒரு தொப்பைக்காரன். பார்வையாளர்கள் வந்தால் இதைத்தான் முதலில் போட்டோ எடுப்பார்கள்.

இனி என் நாடகத்தைச் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து ஏணியில் இறங்கும்போது, கடைசிப் படிகளில் நான் கண்ணைச் சொருகி, காலைப் பின்னி, "ஐயோ மச்சான், தலை சுத்துது, பூமிய யாராச்சும் புடிங்கடா!" என்று தள்ளாடுவேன். கீழே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். தினமும் அதே வசனம், அதே சிரிப்பு. இது ஆரம்பித்த கதை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நண்பன் மெஷினில் ஏறிய முதல் நாள். இறங்கும்போது அவனுக்கு நிஜமாகவே தலை சுற்றி, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகம் சாம்பலாக இருந்தது. கீழே ஆட்கள் வருகிற சத்தம். "மச்சான், தெரிஞ்சா என்னய மேல ஏத்த மாட்டானுங்கடா," என்றான், அழுகிற குரலில். நான் அவனுக்கு முன்னால் புகுந்து, தள்ளாடி, கத்தி, கடைசிப் படியில் தொப்பென்று சரிந்து உட்கார்ந்து, எல்லோர் கண்ணையும் என் தொப்பை மேல் இழுத்துக்கொண்டேன். அவன் பின்னாலேயே மெதுவாக இறங்கிவிட்டான். அப்புறம் அவனுக்கு உயரம் பழகிவிட்டது. எனக்கு நாடகம் பழகிவிட்டது.

அந்த நாடகத்தில்தான் விழுந்தேன். மழை நாள். இறங்கி முடித்த பிறகு, "மச்சான், என் டிபன் கேரியர மேலயே வுட்டுட்டேன்டா, முட்டி வலிக்குது," என்றான். எனக்கென்ன, பொதி மாடு. ஏறினேன், எடுத்தேன், இறங்கினேன். கீழே ஷிப்ட் மொத்தமும், இன்சார்ஜ் சார் உட்பட, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்தால் கலைஞன் சும்மா இருப்பானா? கண்ணைச் சொருகினேன், காலைப் பின்னினேன், "பூமிய யாராச்சும்..." என்றேன். படியில் களிமண். பூமி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. வலது முன்கையில் இரண்டு எலும்பும் போயின. கூட்டம் கைதட்டியது, நடிப்பு அவ்வளவு தத்ரூபம். நண்பன்தான் முதலில் ஓடி வந்தான். டிபன் கேரியரை நான் விடவே இல்லை. சாம்பார்கூடச் சிந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், "பிளேட் வச்சா கை பழையபடி வந்துரும்," என்றார். என் கேள்வி ஒன்றே ஒன்று. "மெஷின் ஓட்டலாமா சார்?"

"கைக்கு நான் கேரண்டி. மத்தது உங்க கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்ல சொல்லணும்."

மற்றது என்ன இருக்கிறது? தலை நன்றாகத்தான் இருக்கிறது. நான் நிம்மதியாகப் படுத்தேன்.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்து என் கழுத்தைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார். "குறட்டை விடுவீங்களா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "பக்கத்து பிளாக்ல கேளுங்க டாக்டர்."

"அப்ப முழு மயக்கம் வேணாம். கை மட்டும் மரத்துப்போற மாதிரி தோள்பட்டைல ஊசி போடுறேன். அதோட கெட்டமின்னு ஒரு மருந்து, ரொம்பக் கொஞ்சமா. அது மூச்சை அவ்வளவா அமுக்காது, வலியையும் கிட்ட விடாது. நிறையக் குடுத்தா ஆளையே தூக்கிட்டுப் போயிரும். கொஞ்சமாக் குடுத்தா பாதி இங்க இருப்பீங்க, பாதி எங்கயோ இருப்பீங்க."

"நான் எப்பவுமே அப்படித்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் பம்ப்ல துளித்துளியாப் போகும். மத்த வலி ஊசி குறைவாப் போட்டாப் போதும். சத்தம் தூரத்துல கேக்கும், சுவர் நகர்ற மாதிரி இருக்கும், பயப்படக் கூடாது. உள்ள போறப்ப மனசுக்குப் பிடிச்ச இடம் ஒண்ண நெனச்சுக்கிட்டே போங்க. பெரும்பாலும் அதுதான் வரும்."

நான் நினைத்தது என் கேபினை. முதல் ஷிப்ட், அப்போதுதான் வெளுக்கும் வானம், கீழே மஞ்சள் விளக்குகள், சூரியகாந்தி மேல் நான், எனக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவன்.

மருந்து வந்தது. முதலில் என் கை என்னை விட்டுக் கிளம்பியது. கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை, பஸ் பிடிக்கப் போகிற ஆள் மாதிரி, சாவகாசமாக. வலி இருந்தது, ஆனால் அது பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தது. யாரோ ஒருவர் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அது என் எலும்பு என்று தெரிந்தும் எனக்குப் புகார் இல்லை. தியேட்டர் விளக்கு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வாளிகள் முளைத்தன. நான் ஆனந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு விசாரித்ததில், எலும்பு டாக்டரைப் பார்த்து, "பெல்ட்டு ரெடியா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அவரும் கடைசியில் பொறுக்க முடியாமல், "ரெடி ரெடி, ஓட்டுங்க," என்றாராம்.

வார்டுக்கு வந்த பிறகும் பம்ப் ஓடியது. கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறிதான் இப்போது சக்கரம். அது கூரையை வெட்டி வெட்டி என் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. "போர்வையை உதறுங்கம்மா, ஒரே மண்ணு," என்று நர்ஸிடம் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. இதையும் நான் மறைக்கவில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

மனைவி ரசம் சாதம் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நண்பன் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து என் பக்கத்திலேயே இருந்தான். முதல் ஷிப்ட் முடிந்து இன்சார்ஜ் சார், பூட்ஸ் காலோடு, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நேராக வந்தார். என் கண் பாதி திறந்திருந்தது. கருவிழி தன் பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் ஒரு குழாயின் மறுமுனையில் சின்னதாகத் தெரிந்தது.

"தெரியுமா இவனுக்கு, நாம பேசுறது?"

"ஒண்ணியும் தெரியாது சார். பேயாட்டம் உளறிகினு இருக்கான்."

இன்சார்ஜ் சார் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். பிறகு, "மெடிக்கல்ல கேப்பாங்கப்பா. அன்னிக்கு அவன் தள்ளாடுனத நானே பாத்தேன். நீதான் கூடவே இருக்கிறவன். உண்மையச் சொல்லு. நடிச்சானா, நெசமாவே தலை சுத்துச்சா?"

நான் காத்திருந்தேன். மின்விசிறிகூட நின்று காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறான் என்று எனக்கு அவ்வளவு உறுதி. என் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. அவன் என் துண்டை எடுத்து, தாய் துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நெசந்தான் சார். ரொம்ப நாளாவே சுத்துது அவனுக்கு. பாவம்னு நான்தான் வெளிய சொல்லாம மறைச்சிகினு இருந்தேன்."

எழுந்து உட்கார்ந்து, "அடப்பாவி, மறைச்சது நான்டா!" என்று கத்தினேன். அதாவது, கத்தியதாக நினைத்தேன். என் நாக்கு, கை போன அதே பஸ்ஸில் போயிருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். "பாத்தீங்களா," என்றான் அவன். "இப்படித்தான்."

மனைவி வந்ததும் சொன்னேன். மருந்து கொஞ்சம் இறங்கிய பிறகு மறுபடி, தெளிவாக, வரிசையாகச் சொன்னேன். அவள் ரசத்தை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "போர்வைல மண்ணு கொட்டுதுன்னீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கூடவேதான்."

"அப்ப வாயத் தொறங்க, சாப்பிடுங்க. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம அண்ணன் உங்களப் பாத்துக்கிட்டு இருக்காரு. மருந்து பண்ற வேலைய அவரு தலைல கட்டாதீங்க."

மறுநாள் அவனிடமே கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில், சிரித்துக்கொண்டு கேட்டேன். "மச்சான், நேத்து இன்சார்ஜ்கிட்ட எனக்குத் தலை சுத்தல்னு சொன்னியே, எத்தினி நாளாடா பாத்துக்கிட்டு இருக்க?"

ஒரு கணம் அவன் கை ஆப்பிளின் மேல் நின்றது. பிறகு தோல் சீவத் தொடங்கினான். "நீ இன்னா இன்னாவோ பேசிகினு இருந்த மச்சான். நர்ஸம்மாவ பெல்ட்டுக்குக் கீழ நிக்காதீங்கன்னு வெரட்டுன. அதுல இதுவும் ஒண்ணு." வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தைகூட உருப்படியாகப் பேசாதவன், அதிலும் மருந்து ஏறியிருந்தவன், சாட்சி சொன்னால் எந்த ஊரில் எடுபடும்?

டிஸ்சார்ஜ் அன்று மயக்க டாக்டரம்மாவைப் பிடித்தேன். "டாக்டர், அந்த மருந்து இல்லாததை உண்டாக்குமா?"

"உண்டாக்கலாம். இருக்கிறதையே வேற மாதிரியும் காட்டலாம். கொஞ்சமாக் குடுத்தா அநேகம் பேருக்குக் காது நல்லாவே கேக்கும். நீங்க கேட்டது எதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெட்ட கனவா?" என்றார்.

"தெரியல டாக்டர். அதத்தான் கேக்குறேன்."

உண்மையைச் சொல்கிறேன், கனவாகவே இருக்கட்டும் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அது சுலபமாகவும் இருந்தது. நண்பன் நல்லவன், மருந்து கெட்டது. மருந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

கட்டுப் பிரித்து, கையை மடக்கி நீட்டப் பழகிக்கொண்டிருந்த நாட்கள். மெடிக்கலுக்கு இன்னும் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் நண்பன் வந்தான். பலாப்பழக் காலம் இல்லை. ஆனாலும் கையில் பெரிய பை. மனைவி வாங்கிப் பிரித்தாள். சூரியகாந்தி. துவைத்து, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்த உறை தனியாக; பஞ்சு தனியாக.

அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வழக்கம் அவளுக்கும் தெரியும். மெஷினில் இருக்கிற எல்லோர் வீட்டுக்கும் தெரியும்.

"இதை யாருண்ணே எறக்கச் சொன்னது?"

"இல்ல தங்கச்சி... ஒரே தூசியாப் பூடுச்சு. அதான் நானே தொவச்சு..."

"தொவச்சதச் சொல்லல. மெடிக்கல்ல இன்னும் கூப்பிடவே இல்லையே. இவருக்கு சீட்டு இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அவனைக் காப்பாற்றிவிடுவேன். அவன் அதற்குக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றான். பஸ் வர இன்னும் வெகு நேரம் இருந்தது.

அவன் போன பிறகு மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். பிறகு அங்கிருந்தே, "மண்ணு கொட்டுனது மட்டுந்தான் மருந்தாங்க?" என்றாள்.

மெடிக்கலில் டாக்டர் நல்ல மனிதர். கையை முறுக்கிப் பார்த்துத் திருப்தியானார். பிறகு, "ரொம்ப நாளாவே தலை சுத்தல் இருக்காமே. கூட வேலை பாக்கிறவரு பாவப்பட்டு மறைச்சு வச்சிருந்தாராம்?" என்றார். அரை மயக்கத்தில் கேட்ட அதே வாக்கியம், இப்போது நல்ல வெளிச்சத்தில், மின்விசிறி மின்விசிறியாகவே சுற்றிக்கொண்டிருக்க.

"சார், அது ஜோக்கு."

"எது?"

"தள்ளாடுறது. தினமும் பண்ணுவேன். எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரையும் கேட்டார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள்: ஆமாம் சார், தினமும் தலை சுத்துதுன்னு சொல்லுவாரு, தள்ளாடித்தான் இறங்குவாரு, அன்னிக்கும் அப்படித்தான் விழுந்தாரு. ஒருவரும் என் மேல் வன்மம் வைத்துச் சொல்லவில்லை. நாடகம் எப்படித் தொடங்கியது என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவனைக் காட்டிக்கொடுத்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், தினமும் நாடகம் போடுகிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? பரிசோதனையில் தலையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு முறை விழுந்த ஆளை உயரத்தில் ஏற்ற எந்த டாக்டர் துணிவார்? அவர் இடத்தில் நானாக இருந்தாலும் என்னை ஏற்ற மாட்டேன். தரைமட்ட வேலை என்று எழுதினார்.

இப்போது நான் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் இருக்கிறேன். ஏசி உண்டு, நாற்காலியில் கம்பெனி குஷன் உண்டு. எதிரே திரைகள்; பெல்ட்டுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் நான் பின் கேபினுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். பெல்ட் தயாரானதும் வயர்லெஸ்ஸில் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். முன் கேபினில் இருந்து பதில் வரும். அவன் குரல். குழாயின் மறுமுனையில் இருந்து வருவது போல, கரகரத்து, தூரத்தில். முதல் சில நாட்கள் அதைக் கேட்டதும் என் கை பம்ப் இருந்த பக்கம் தானாகப் போகும். "பெல்ட் ரெடி," என்பேன். "சரி," என்பான். வேறு பேச்சு இல்லை.

போன மழையில் ஒரு நாள், ஷிப்ட் முடிகிற நேரம். "பெல்ட் நிறுத்துறேன்," என்றேன். பதில் வரவில்லை. பிறகு கரகரப்புக்கு நடுவே, என் குரலில், என் இழுவையில், அட்சரம் பிசகாமல் அவன் சொன்னான்: "ஐயோ மச்சான், தலை சுத்துது, பூமிய யாராச்சும் புடிங்கடா..."

சமாதானத்துக்கு வருகிறான் என்று புரிந்தது. ஏணி அடியில் நின்று அவனுக்காக யாரும் சிரிப்பதில்லை போலிருக்கிறது. ஆனால் அந்த மடையன் மறந்துவிட்டான், அது எல்லோருக்கும் கேட்கிற பொது லைன். உடனே இன்சார்ஜ் சார் குரல் குறுக்கே வந்தது.

"யாருக்குத் தலை சுத்துது? முன் கேபினா? கண்ட்ரோல், என்ன அங்க?"

லைனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. எனக்குத் தெரிந்த அந்த முதல் நாள் கதை, சாம்பல் முகம், ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. இந்த முறை நாக்கு எந்த பஸ்ஸிலும் போயிருக்கவில்லை. நான் நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொஞ்ச நேரம் அவனைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். அன்று என் கட்டில் பக்கத்தில் நின்று, வாயைத் துடைத்துக்கொண்டே அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை அவனுக்காக நானே சொன்னேன்.

"ஜோக்கு சார்."